லேண்ட் மேட்ரிக்ஸ்: உலக நில ஒப்பந்தங்களுக்கு ஓர் அடங்கல்

ஒரு கிராமத்து நிலத்தைப் பற்றி அரசு இரண்டு கேள்விகள் கேட்கிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஒன்று. இந்தப் பசலியில், அதாவது இந்த வருவாய்க் கணக்கு ஆண்டில், அதில் யார், என்ன பயிரை, எவ்வளவு பரப்பில் சாகுபடி செய்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பட்டாவும் சிட்டாவும் விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அடங்கல்தான் விடை சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில் நான் எழுதிய அடங்கல்களில், பட்டாவில் உள்ள பெயரும் வயலில் நிற்கும் ஆளும் வேறாக இருந்த புல எண்கள் எல்லா ஆண்டுகளிலும் இருந்தன. வறட்சி நிவாரணமும் பயிர்க்கடனும் உழுதவருக்குப் போய்ச் சேருமா, ஊரில் இல்லாத பட்டாதாரருக்குப் போய்ச் சேருமா என்பதை அந்த ஒரு பதிவேடு தீர்மானித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நிலம் பற்றிய எந்தப் பதிவேட்டைக் கையில் எடுத்தாலும், ‘இது பட்டாவா, அடங்கலா?’ என்ற கேள்வியோடுதான் அதைப் புரட்டத் தொடங்குகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் தொடர்ந்து பயன்படுத்தி வரும் ‘லேண்ட் மேட்ரிக்ஸ்’ என்ற இணையச் சேவையையும் அந்தக் கேள்வியை வைத்தே மதிப்பிடுகிறேன். வளரும் நாடுகளில் விவசாயத்துக்காகவும் காடு வளர்ப்பு போன்ற பிற தேவைகளுக்காகவும் பெருமளவு நிலத்தை நிறுவனங்கள் வாங்குவது, குத்தகைக்கு எடுப்பது, அரசிடமிருந்து சலுகை உரிமையாகப் பெறுவது ஆகியவற்றை ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் பதிவு செய்து, யாரும் கட்டணமின்றிப் பார்க்கவும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் வழி செய்யும் பொதுத் தரவுத்தளம் இது. சர்வதேச நிலக் கூட்டணி, பிரான்சின் சிராட் ஆய்வு நிறுவனம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வளர்ச்சி மற்றும் சுற்றுச்சூழல் மையம், ஜெர்மனியின் கீகா ஆய்வு நிறுவனம், ஜெர்மன் அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு நிறுவனமான ஜி.ஐ.இசட். ஆகியவை சேர்ந்து 2012 ஏப்ரலில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தன. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா ஆகிய பகுதிகளுக்கெனத் தனித்தனி மையங்கள் இயங்குகின்றன. ஆப்பிரிக்காவுக்கான மையம் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

எதைப் பதிவு செய்வது, எதை விடுவது என்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் வரையறையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ தொடங்கிய ஒப்பந்தமாக இருக்க வேண்டும். பரப்பு 200 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 494 ஏக்கராவது இருக்க வேண்டும். நிலத்தின் உரிமையோ, அனுபவமோ, கட்டுப்பாடோ கிரயம், குத்தகை, சலுகை உரிமை ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வழியில் கைமாறியிருக்க வேண்டும். சிறு விவசாயிகளின் சாகுபடியிலோ, ஊர் மக்களின் பொதுப் பயன்பாட்டிலோ, இயற்கையின் தேவைக்காகவோ இருந்த நிலம் வணிகப் பயன்பாட்டுக்கு மாறுவதாகவும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். நிலத்தைப் பெறுகிறவர் யார் என்பதோடு நில்லாமல், அதற்கு முன் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பதிவின் அடிப்படையாக அது ஆக்கிவிடுகிறது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. அதைத் திறந்தால் பல பகுதிகளாகப் பிரிந்த விவரங்கள் வரும். நிலம் எங்கே இருக்கிறது, அந்த இருப்பிடக் குறிப்பு எவ்வளவு துல்லியமானது, பேச்சுவார்த்தை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, நிலத்தில் வேலை தொடங்கியதா, முதலீட்டாளர் யார், அவருக்குப் பின்னால் யார், என்ன பயிர், எத்தனை பேருக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள், இப்போது எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், முன்பு அந்த நிலம் யாருடையது, ஊர் மக்களைக் கலந்தார்களா, யாராவது வெளியேற்றப்பட்டார்களா, இழப்பீடாக என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள் என்று அது நீள்கிறது. ஒவ்வொரு தகவலும் செய்தித்தாளிலிருந்து வந்ததா, ஆய்விலிருந்தா, அரசு ஆவணத்திலிருந்தா, நிறுவனம் தந்ததா, ஒப்பந்தப் பத்திரத்திலிருந்தே எடுத்ததா என்று ஆதாரமும் சேர்த்துக் காட்டப்படுகிறது. நம் கிராமக் கணக்குகள் அத்தனையையும் ஒரே கட்டில் வைத்துத் தைத்ததுபோல் எனக்குத் தோன்றியது.

இவ்வளவு விவரங்களுக்கு நடுவில், இந்தச் சேவையின் உயிர் பரப்பு பற்றிய மூன்று கட்டங்களில் இருக்கிறது என்பது என் கருத்து. முதலாளி அடைய எண்ணிய பரப்பு ஒன்று. ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பரப்பு இன்னொன்று. உண்மையில் பயிரேறிய பரப்பு மூன்றாவது. முதலாவது வெறும் அறிவிப்பு. இரண்டாவதுதான் பட்டா. மூன்றாவது அடங்கல். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் வளரும் நாடுகளின் பெருநில முதலீடுகளைப் பற்றிய பேச்சு, ஆதரிப்போர் பக்கத்திலும் எதிர்ப்போர் பக்கத்திலும், அடிக்கடி தடம் புரள்கிறது.

இதற்கு எத்தியோப்பியாவின் கேம்பெல்லா மாநிலத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்துவந்த கருட்டுரி குளோபல் நிறுவனம், அங்கே 3,00,000 ஹெக்டேரில் உணவுப் பயிர்களும் எண்ணெய்ப் பனையும் கரும்பும் வளர்க்கப் போவதாக அறிவித்தபோது இந்திய நாளிதழ்கள் அதைப் பெருமிதத்தோடு வெளியிட்டன. 2010 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம் 1,00,000 ஹெக்டேருக்கானது. காலம் 50 ஆண்டுகள். ஆண்டுக் குத்தகை ஹெக்டேருக்கு எத்தியோப்பிய நாணயத்தில் 20 பிர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1.2 டாலர். ஒரு லட்சம் ஹெக்டேர் என்பது 1,000 சதுர கிலோமீட்டர். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் பரப்பே 426 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்தால், ஒரே பத்திரத்தில் கைமாறிய நிலத்தின் அளவு விளங்கும். 2015 டிசம்பரில் எத்தியோப்பிய அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்தபோது, நிறுவனம் திருத்திப் பயிரிட்டது 1,200 ஹெக்டேர்தான் என்று காரணம் கூறியது. நிறுவனம் அந்த முடிவை ஏற்கவில்லை. மூன்று லட்சம், ஒரு லட்சம், ஆயிரத்து இருநூறு என்ற இந்த மூன்று எண்களையும் மேற்சொன்ன மூன்று கட்டங்களில் வைத்துப் பார்த்தால், இந்தத் துறையில் நடப்பது என்ன என்பது எந்த விளக்கவுரையும் இல்லாமல் தெரிந்துவிடும்.

அந்த இடைவெளிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சற்று நின்று பார்க்க வேண்டும். கேம்பெல்லா ஆளில்லாத தரிசு என்று முதலீட்டாளர்களிடம் சொல்லப்பட்டது. ஆனால் அங்கே பாரோ ஆற்றங்கரையில் வெள்ளம் வடிந்த ஈரத்தில் விதைத்து அறுவடை செய்யும் அனுவாக் மக்களும், மாடுகளோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் நுவேர் மக்களும் வாழ்கிறார்கள். ஒரு பருவத்தில் நிலம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துத் தரிசு என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்பது, ஆடு மேயும் புறம்போக்கைப் பயனற்ற நிலம் என்று குறித்த கணக்குகளைக் கண்ட எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆற்றின் போக்கை அறிந்த மக்களின் அறிவு எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதை அந்த நிறுவனமும் அனுபவித்தே அறிந்தது: கரை எழுப்பியிருந்தும் 2011இல் பாரோ பெருக்கெடுத்து மக்காச்சோளத்தை மூழ்கடித்தது.

ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அணை கட்டவும், ஆழ்துளைக் கிணறு தோண்டவும், பாசன அமைப்பு ஏற்படுத்தவும் குத்தகைதாரருக்கு உரிமை உண்டு. நிலத்தைக் காலியாக ஒப்படைப்பதும், கலவரமோ இடையூறோ நேராதபடி செலவின்றிப் பாதுகாப்பு அளிப்பதும் அரசின் கடமை. அதே ஆண்டுகளில் கேம்பெல்லாவில் சுமார் 45,000 குடும்பங்களைப் புதிய கிராமங்களுக்கு மாற்றும் திட்டத்தை அரசு நடத்திக்கொண்டிருந்தது. மக்கள் விரும்பியே இடம் மாறினார்கள் என்றும், நிலக் குத்தகைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் அரசு சொன்னது. வற்புறுத்தியே மாற்றினார்கள் என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2012 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சொன்னது. எத்தியோப்பியாவின் அரசியல் சட்டப்படி நிலம் அரசுக்கும் மக்களுக்கும் பொதுவான உடைமை. விற்கவோ வாங்கவோ முடியாது. பொதுவான உடைமை என்று சட்டத்தில் எழுதியிருந்தும், பத்திரத்தில் கையெழுத்திடும் நேரத்தில் அந்த இரு உடைமையாளர்களில் அரசு மட்டுமே மேசையில் இருந்தது. இந்த ஒரு குறையில்தான் பொறுப்பான நில ஆளுகை என்ற பெரிய சொல்லின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பின்னாளில் கேம்பெல்லாவில் அரசே மேற்கொண்ட ஆய்வில், ஒருவருக்குக் கொடுத்த நிலத்தின் மேலேயே இன்னொருவருக்கும் நிலம் ஒதுக்கப்பட்டிருந்ததும் வெளிப்பட்டது. அளந்து கல் நடாமல் வரைபடத்தின் மேல் கோடு போட்டுக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? புலப்படமும் உட்பிரிவும் சரியாக இல்லாத ஊரில் முப்பது சென்ட் நிலத்துக்கே இரண்டு தலைமுறை வழக்கு நடக்கிறது. அங்கே பல்லாயிரம் ஹெக்டேர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

லேண்ட் மேட்ரிக்ஸின் சொந்த வரலாறும் எண்களைப் பற்றி ஒரு பாடம் சொல்கிறது. 2012இல் முதல் அறிக்கை வெளியானபோது, வளரும் நாடுகளில் 1,217 ஒப்பந்தங்கள், 8 கோடியே 32 லட்சம் ஹெக்டேர் என்ற கணக்கு சொல்லப்பட்டது. அதில் பேச்சளவில் நின்றவையும் நாளிதழ்ச் செய்தியை மட்டுமே ஆதாரமாகக் கொண்டவையும் இருந்தன. ஊடகங்கள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, அவ்வளவு நிலமும் பறிபோய்விட்டதாகவே எழுதின. பல ஆய்வாளர்கள், குறிப்பிட்ட நாடுகளில் களப்பணி செய்தவர்கள், அப்படி ஒரு திட்டமே எங்கள் பகுதியில் இல்லையே என்று சுட்டிக்காட்டினார்கள். 2013 ஜூனில் தளம் திருத்தி அமைக்கப்பட்டு, பேச்சில் இருப்பவை, முடிந்தவை, முறிந்தவை என்ற பிரிவு தெளிவாக முன்னால் வைக்கப்பட்டது. 2016இல் வெளியான இரண்டாவது பகுப்பாய்வு அறிக்கை, முடிவாகிய விவசாய ஒப்பந்தங்களை மட்டும் எடுத்து, 1,004 ஒப்பந்தங்கள், 2 கோடியே 67 லட்சம் ஹெக்டேர் என்றது. முதல் எண்ணோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு எண்களும் ஒரே வகைக் கணக்கல்ல என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் வகையைப் பிரிக்காமல் கூட்டிய எண் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை இது காட்டுகிறது. தன் முதல் கணக்கின் குறையை ஏற்றுத் திருத்திய பதிவேடு என்பதற்காக இந்தச் சேவையின் மீது என் நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. கிராமக் கணக்குகளை மேலதிகாரிகள் ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்காத ஊர்க் கணக்கைவிட, ஜமாபந்தியில் சிவப்பு மையால் திருத்தப்பட்ட கணக்கு மேலானது.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பயன்பட்ட மற்றொரு பகுதி, முதலீட்டாளர் தொடர்புப் படம். நிலம் வாங்கிய உள்ளூர் நிறுவனம், அதன் தாய் நிறுவனம், தாய்க்கும் தாயாக வேறொரு நாட்டில் இருக்கும் நிறுவனம், கடன் கொடுத்த வங்கி என்று கோடு கோடாக இழுத்துக் காட்டும் படம் அது. இதன் அருமையைக் கம்போடியாவின் கோ காங் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கம்போடியாவின் 2001ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, வணிக விவசாயத்துக்காக அரசு தரும் ‘பொருளாதார நிலச் சலுகை’ எதுவும் 10,000 ஹெக்டேரைத் தாண்டக் கூடாது. 2006இல் கோ காங்கில் அடுத்தடுத்து இரண்டு நிறுவனங்களுக்கு 9,400 ஹெக்டேரும் 9,700 ஹெக்டேருமாக நிலம் வழங்கப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் உச்சவரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் இரண்டின் பின்னாலும் தாய்லாந்தின் ஒரே சர்க்கரைக் குழுமம் இருந்தது. சேர்த்துப் பார்த்தால் 19,100 ஹெக்டேர் ஒரே தோட்டம். நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில் பண்ணையின் நிலம் பினாமிகள் பெயரிலும் அறக்கட்டளைகள் பெயரிலும் பிரிந்ததைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு, இந்த முறையை விளக்க வேண்டியதே இல்லை. வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பல ஆண்டுகள் போராடின. அங்கே விளைந்த சர்க்கரை, ஏழை நாடுகளின் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தந்த வரிச்சலுகையோடு, பிரிட்டனின் டேட் அண்ட் லைல் நிறுவனத்துக்குப் போனது. 2013இல் கிராமத்தார் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். உள்ளூர்ப் பெயர்ப்பலகையோடு விசாரணையை நிறுத்தியிருந்தால் லண்டன் வரை யாரும் போயிருக்க முடியாது. கோட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி முனை வரை போவதற்கு, பணம் செலவழித்து ஆய்வாளரை வைத்துக்கொள்ள முடியாத ஓர் ஊர்ச் சங்கத்துக்கும் இப்படிப்பட்ட படம் கையில் இருக்க வேண்டும்.

2016 அறிக்கையின்படி முதலீடு செய்யும் நாடுகளில் பரப்பளவில் முதலிடம் மலேசியாவுக்கு. இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஓர் உள்ளார்ந்த தொடர்பு இருக்கிறது. மலாயாவில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டிய கத்ரி நிறுவனத்தின் தோட்டங்கள், பின்னாளில் மலேசியாவின் சைம் டார்பி குழுமத்தோடு இணைந்தன. அதே கத்ரி, மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவிலும் ரப்பர் தோட்டம் நடத்தியது. 2009இல் சைம் டார்பி லைபீரிய அரசோடு 63 ஆண்டுகளுக்கு 2,20,000 ஹெக்டேர் சாகுபடிக்கு ஒப்பந்தம் செய்தபோது, அந்தப் பழைய தோட்டத்தின் தொடர்ச்சியாகவே அது அமைந்தது. கிராண்ட் கேப் மவுண்ட் பகுதி ஊர்மக்கள், தங்கள் பயிர்களும் புனித இடங்களும் அழிக்கப்பட்டதாக 2011இல் நிலைத்த பாமாயில் வட்டமேசை அமைப்பிடம் முறையிட்டார்கள். 2020இல் அந்நிறுவனம் தோட்டத்தை விற்றுவிட்டு வெளியேறியபோது எண்ணெய்ப் பனை பயிரேறியிருந்தது ஏறத்தாழ 10,000 ஹெக்டேர். இங்கும் பட்டாவுக்கும் அடங்கலுக்கும் இடையில் அதே பள்ளம். ஆனால் இந்தப் பள்ளத்தை ‘நல்ல வேளை, பெரும் பகுதி நிலம் தப்பியது’ என்று படித்துவிடக் கூடாது. பயிரேறாத நிலமும் பத்திரத்தில் கட்டுண்டு கிடக்கும் காலம் வரை, அதில் வீடு கட்டவோ மரம் வைக்கவோ ஊர்க்காரர் தயங்குவார். அரசும் அதை வேறு எதற்கும் கொடுக்காது. நம் ஊரில் கையகப்படுத்தும் அறிவிக்கை வந்துவிட்டுப் பல ஆண்டுகள் கிடப்பில் போன நிலத்தின் உரிமையாளர்களைக் கேட்டால், பத்திரத்தில் மாட்டிய நிலம் என்றால் என்ன என்று சொல்வார்கள்.

லைபீரியாவை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இந்தச் சேவையின் எல்லைகளையும் காட்டுகிறது. 1926இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அந்நாட்டில் ஏக்கருக்கு 6 சென்ட் வாடகையில் 99 ஆண்டுகளுக்கு 10 லட்சம் ஏக்கர் வரை எடுக்கும் உரிமை பெற்றது. 2000க்கு முந்தையது என்பதால் அத்தகைய பழைய ஒப்பந்தங்கள் இந்தத் தரவுத்தளத்தின் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. புதிய அலையை அளப்பதற்கு அந்த ஆண்டெல்லை பொருத்தமானதே. ஆனால் ஒரு நாட்டின் நில வரைபடத்தை இதை மட்டும் வைத்துப் பார்ப்பவர், பழைய காலனியக் குத்தகைகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட பரப்பைக் காணமாட்டார். அதேபோல் 200 ஹெக்டேருக்குக் கீழே நடப்பதும் தெரியாது. சாம்பியா, கானா, தான்சானியா போன்ற நாடுகளில் நகரங்களில் வேலை பார்க்கும் உள்நாட்டினர் 5 முதல் 100 ஹெக்டேர் வரை வாங்கிச் சேர்ப்பது பெருகியிருக்கிறது என்று வேளாண் பொருளியல் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்நிய நிறுவனத்தின் ஒரு லட்சம் ஹெக்டேர் தலைப்புச் செய்தியாகும். உள்ளூர் அதிகாரியின் ஐம்பது ஹெக்டேர் சந்தடியின்றிக் கைமாறும். இரண்டாவது வகையை அறிய இந்தச் சேவை உதவாது.

அதைவிட நுட்பமான ஒரு சிக்கலும் உண்டு. எத்தியோப்பிய அரசு ஒரு காலத்தில் தன் நிலக் குத்தகை ஒப்பந்தங்களை அமைச்சகத்தின் இணையதளத்திலேயே வெளியிட்டது. லைபீரியா, சுரங்க வெளிப்படைத்தன்மைக்கான உலக ஏற்பாட்டை விவசாயத்துக்கும் காட்டுக்கும் விரித்துச் சட்டம் செய்தது. வெளியே காட்டிய நாடுகளின் பதிவுகள் முழுமையாக இருக்கும். வாயைத் திறக்காத நாடுகளின் பதிவுகள் மெலிந்திருக்கும். எனவே வரைபடத்தில் ஒரு நாட்டின் மேல் பெரிய வட்டம் தெரிந்தால், அங்கே நிலம் அதிகம் கைமாறியது என்பதோடு, அங்கே தகவல் அதிகம் வெளிவந்தது என்பதும் அதற்குள் கலந்திருக்கும். சிறிய வட்டத்தைக் கண்டு நிம்மதி கொள்வது தவறு. தளத்தைப் புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள் என்பதால், முகப்பு வரைபடத்தின் அருகிலேயே இந்த எச்சரிக்கை இன்னும் பெரிய எழுத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

பொறுப்பான ஆளுகைக்கு உலகம் ஏற்ற அளவுகோல் ஒன்று இருக்கிறது. உலக உணவுப் பாதுகாப்புக் குழு 2012 மே 11 அன்று ஏற்றுக்கொண்ட, நிலம், மீன்வளம், காடு ஆகியவற்றின் உரிமை ஆளுகைக்கான தன்னார்வ வழிகாட்டுதல்கள்தான் அது. பத்திரம் உள்ள உரிமையை மட்டுமின்றி வழக்காற்று உரிமையையும் உரிமையாகவே ஏற்க வேண்டும் என்பது அதன் அடித்தளம். பழங்குடி மக்களின் நிலத்தைத் தொடுமுன், வற்புறுத்தல் இன்றி, முன்கூட்டியே, விவரமறிந்து அவர்கள் தரும் இசைவு வேண்டும் என்கிறது. கைமாறும் பரப்புக்கு உச்சவரம்பு வைக்கலாம், ஓர் அளவுக்கு மேல் போனால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்று விதிக்கலாம் என்றும் நாடுகளுக்கு வழி காட்டுகிறது. 2014இல் அதே குழு விவசாய முதலீட்டுக்கான கோட்பாடுகளையும் ஏற்றது. இவை அனைத்தும் தன்னார்வமானவை. மீறியவரைக் கேட்க நீதிமன்றம் கிடையாது. அந்த நிலையில், கேட்கும் வேலையை ஓரளவுக்காவது செய்வது பதிவேடுதான். பத்தாண்டுகளுக்குப் பின், 2022இல், லேண்ட் மேட்ரிக்ஸ் தன் பதிவுகளை இந்த வழிகாட்டுதல்களோடு ஒப்பிட்டு, ஆப்பிரிக்காவின் 23 நாடுகளில் பெரிய விவசாய ஒப்பந்தங்களில் 78 சதவீதம் திருப்தியற்ற நிலையில் இருப்பதாக அறிவித்தது. கலந்தாலோசனை, முந்தைய உரிமை, இழப்பீடு என்ற கட்டங்களை ஒவ்வொரு பதிவிலும் ஆண்டுக்கணக்காக வைத்திருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது. பல பதிவுகளில் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அடங்கலில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், மேலதிகாரி முதலில் விரல் வைப்பது அங்கேதான். இங்கும் வாசகர் அப்படியே செய்ய வேண்டும்.

பேச்சுவார்த்தையில் இருக்கும் ஒப்பந்தங்களையும் தனியே காட்டுவது இந்தச் சேவையின் தனிச்சிறப்பு என்று கருதுகிறேன். காலத்தே தெரிந்தால் மட்டுமே மக்கள் பேச முடியும். மடகாஸ்கரில் தென்கொரியாவின் டேவூ லாஜிஸ்டிக்ஸ் 13 லட்சம் ஹெக்டேரை 99 ஆண்டுகளுக்கு எடுக்கப் போகிறது என்ற செய்தியை 2008 நவம்பரில் லண்டன் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தைவிடப் பெரிய பரப்பு அது. தனின்ட்ரசானா, அதாவது முன்னோரின் மண், என்று மலகாசி மக்கள் நிலத்தை அழைக்கிறார்கள். முன்னோரின் மண் கைமாறப் போவதை அயல்நாட்டுச் செய்தித்தாள் வழியாக அறிந்த கோபம், வேறு பல காரணங்களோடு சேர்ந்து, 2009 மார்ச்சில் அதிபர் ரவலோமனனாவின் ஆட்சியை வீழ்த்திய எழுச்சியில் கலந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற ரஜோலினா அந்தத் திட்டத்தை ரத்து செய்தார். இன்று அதுபோன்ற ஒரு பேச்சு தொடங்கினால், கையெழுத்தாகும் முன்பே அது ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறி, அந்நாட்டுப் பத்திரிகையாளரும் நாடாளுமன்ற உறுப்பினரும் எடுத்துக் காட்டக்கூடிய நிலையில் இருக்க வாய்ப்பிருக்கிறது. அந்த வாய்ப்புக்காகவே இந்தச் சேவை நீடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மொழி பற்றி ஒரு சொல். தளம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்ய மொழிகளில் கிடைக்கிறது. ஒப்பந்தங்களின் பாதிப்பைச் சுமக்கும் மக்கள் பேசும் அனுவாக், கம்போடியாவின் கெமர், லைபீரியாவின் ‘வாய்’, மலகாசி போன்ற மொழிகள் எதிலும் இல்லை, தமிழிலும் இல்லை. எல்லா மொழிகளிலும் தர முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பதிவின் சுருக்கத்தையாவது அந்தந்த நாட்டு மக்களின் மொழியில் தந்தால், பயன் எத்தனையோ மடங்கு கூடும்.

இதனோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய இன்னொரு சேவையும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிலைத்த முதலீட்டு மையம் நடத்தும் ‘ஓப்பன் லேண்ட் கான்ட்ராக்ட்ஸ்’ என்ற தொகுப்பில், வெளிவந்த ஒப்பந்தப் பத்திரங்களின் முழு வாசகமும், முக்கியப் பிரிவுகளின் குறிப்புகளும் இருக்கின்றன. லேண்ட் மேட்ரிக்ஸில் ஒப்பந்தத்தைக் கண்டுபிடித்து, அங்கே போய்ப் பத்திரத்தைப் படிப்பது என் வழக்கம். கருட்டுரி போன்ற ஒப்பந்தங்களில் தண்ணீர், வரிவிலக்கு, காலி நிலம் ஒப்படைப்பு பற்றிய பிரிவுகளை நேராகப் படித்த பிறகு, செய்தித்தாள் வரிகளை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. எண்ணுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்திரிகையாளர்கள், வளர்ச்சிப் பொருளியல் மாணவர்கள், ஆப்பிரிக்காவிலோ தென்கிழக்கு ஆசியாவிலோ விவசாயத் தொழில் தொடங்க எண்ணும் நம் ஊர் முதலீட்டாளர்கள் ஆகிய மூவருக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கடைசியாகச் சொன்னவர்களுக்கு இது மிகவும் தேவை. தாம் எடுக்கப்போகும் நிலத்தில் முன்பு யார் எடுத்து, எதனால் விட்டுப் போனார்கள் என்பதைத் தோற்றுப்போன ஒப்பந்தங்களின் பட்டியல் சொல்லும். முதன்முறை திறப்பவர்கள், முதலீட்டாளர் நாடு என்ற வடிகட்டியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, பேச்சுவார்த்தை நிலையை மூன்று முறை மாற்றிப் பாருங்கள்: முடிந்தவை, பேச்சில் இருப்பவை, முறிந்தவை. பிறகு ஏதேனும் ஓர் ஒப்பந்தத்தைத் திறந்து, மூன்று பரப்புகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நேராக முந்தைய நிலப் பயன்பாடு என்ற கட்டத்துக்குப் போங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதையும், அதற்கு ஆதாரமாக யார் சொன்னது காட்டப்பட்டிருக்கிறது என்பதையும் படித்த பிறகு மற்ற பகுதிகளைத் திறக்கலாம்.